காற்றுக்கு ஒரு வழி

பாசுகா காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி நம் அனைவருக்கும் நன்கு அறிமுகமானது. சீடர்கள் அச்சத்தினால் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கின்றனர். உயிர்த்த ஆண்டவர் அவர்கள் நடுவே வந்து நின்று, அமைதி கூறி வாழ்த்தி, அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியாரை அருளுகின்றார் (யோவா 20:19-22). இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்பகுதிக்கு நாம் மறையுரை ஆற்றி வந்துள்ளோம். சீடர்களின் அச்சத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பாவமன்னிப்பைப் பற்றியும் தோமாவின் ஐயத்தைப் பற்றியும் விரிவாகவே பேசியிருக்கிறோம். ஆனால், கதவுகள் அடைபட்டிருந்த அவ்வறையின் காற்று எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவள், நம் பங்குப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி.

அன்று முதல் வெள்ளி. கோவிலில் வண்ணம் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தமையால், மாணவர்களுக்கான நற்கருணை ஆசீரைப் பள்ளியின் புதிய கட்டடத்திலேயே வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் நெருக்கியடித்து முழந்தாளிட்டிருந்தனர். தூபக்கலசத்தில் சாம்பிராணியை இட்டோம், புகை எழுந்தது, பாடலும் எழுந்தது. இரண்டாம் அடியிலேயே முன்வரிசையில் ஒரு சிறுமி இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. தோள்கள் ஏறி இறங்க, கழுத்து நரம்புகள் புடைக்க, அவள் காற்றுக்காகத் தவித்ததைப் பீடத்தின் முன் நின்றபடியே கண்டோம். வகுப்பாசிரியை ஓடிவந்து அவளைத் தூக்கி வராந்தாவுக்குக் கொண்டுபோனார். அவளுடைய புத்தகப்பையில் இருந்த இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தார். "வீசிங் பிள்ளை ஃபாதர்" என்று பின்னர் சொன்னார். தூபக்கலசத்தைப் பிடித்திருந்த சிறுவனோ, "இவ தினமும் இப்படித்தான் ஃபாதர், இன்னைக்குக் கொஞ்சம் கூட" என்றான்.

சாம்பிராணிதான் காரணம் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அன்று மாலை சிறுமியின் பாட்டி பங்கு இல்லத்திற்கு வந்தார். "தோத்திரம் சாமி" என்று கைகூப்பியவரிடம், இனிமேல் அவளைத் தூபத்தின் அருகே உட்கார வைக்க மாட்டோம் என்று ஆறுதல் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சாம்பிராணி இன்னைக்குத்தான சாமி போட்டீக? இவளுக்குப் பள்ளிக்கூடம் போற அன்னைக்கெல்லாம் சாயங்காலம் இழுக்குது. ஞாயித்துக்கிழமையும் லீவுலயும் நல்லாத்தான இருக்கா?" என்றார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. விடை இல்லை என்பதைக் காட்டிலும், விடை ஏற்கெனவே நம் காதில் விழுந்திருந்தது என்பதே உண்மை.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, அந்த வகுப்பாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, புதிய கட்டடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது, மேலே அடைத்துள்ள பலகைகளை எடுத்துவிட்டால் நலமாயிருக்கும் என்று கேட்டிருந்தார். மீண்டும் ஒருமுறை, பிற்பகலில் பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள், தூங்கி விழுகிறார்கள் என்றும் சொன்னார். "பிள்ளைகளை விழிப்பாக வைத்துக்கொள்வது ஆசிரியரின் திறமை, கட்டடத்தைக் குறை சொல்வதில் பயனில்லை" என்று அனைவர் முன்னிலையிலும் நாம் கூறிவிட்டோம். அவர் அமர்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தின் வாயிலில் பதித்துள்ள பளிங்குக் கல்லில் கொடையாளர்களின் பெயரோடு தாளாளர் என்ற முறையில் நம் பெயரும் உண்டு. அன்று பேசியது அந்தக் கல்தான் என்பதை இப்போது உணர்கிறோம்.

அக்கட்டடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் பள்ளியின் பழைய கட்டடம், மறைபரப்பாளர்கள் காலத்தில் எழுந்தது. சுண்ணாம்புச் சுவர், உயரமான மங்களூர் ஓட்டுக் கூரை, இருபுறமும் எதிரெதிரே மரச் சாளரங்கள். வெயில் காலத்திலும் அதனுள் காற்று ஊடாடும். புதியது கான்கிரீட்டுத் தளம். உயரம் 10 அடி. ஒருபுறம் வராந்தா; மறுபுறம் சாலை. கல் குவாரிக்குச் செல்லும் லாரிகளின் தூசியும் இரைச்சலும் வரக்கூடாது என்று, சாலைப்புறத்துக் கண்ணாடிச் சாளரங்களை எப்போதும் மூடி வைக்கச் சொன்னவர் நாமே. அவை தள்ளித் திறக்கும் வகையைச் சேர்ந்தவையாதலால், முழுதும் திறந்தாலும் பாதி வழிதான். கூரையை ஒட்டியிருந்த வென்டிலேட்டர்களில் புறாக்கள் கூடு கட்டுகின்றன என்று அவற்றைப் பலகை வைத்து அடைக்கச் சொன்னவரும் நாமே. கொசுவுக்காகக் காலையில் சுருள் கொளுத்தி வைத்தார்கள். பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் எல்லாம் புதிதாய் இருக்கவேண்டும் என்று, திறப்பதற்கு இரண்டு நாள் முன்னர் சுவருக்கு எண்ணெய் வண்ணமும் விசுப்பலகைகளுக்கு வார்னிஷும் பூசினோம். அந்த மணத்தைப் புதுமையின் மணம் என்று மகிழ்ந்தோம்.

பாதுகாப்பைப் பற்றி நாம் எண்ணாமல் இல்லை. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்திலிருந்து கீற்றுக்கூரையில் தீ பற்றி 94 குழந்தைகள் மாண்ட கொடுமையை, அன்று குருவாயிருந்த எவரும் மறக்கவியலாது. அதன்பின் பள்ளிகளில் கீற்று இறங்கியது. கான்கிரீட்டும் தகடும் ஏறின. அது தேவையான மாற்றமே. ஆனால், தீயையும் திருடனையும் மட்டுமே ஆபத்து என்று எண்ணிப் பழகியதால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நாம் கேட்கவே இல்லை.

பாட்டி வந்து சென்ற மறுவாரம், நம் பங்கைச் சேர்ந்த பொறியாளரான இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். பெரிய கட்டடங்களில் குளிர்சாதனம் அமைக்கும் பணியில் இருப்பவர். அவரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அறை நீளம் 20 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி. ஆக 4,000 கன அடி. பிள்ளைகள் 48 பேர். ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 83 கன அடி. அதாவது, பக்கத்துக்கு நாலரை அடிகூட இல்லாத ஒரு பெட்டி. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் உள்ளது. நாம் வெளிவிடும் மூச்சிலோ அது ஏறத்தாழ நூறு மடங்கு. உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும். எங்கும் இடுக்கே இல்லாமல் அடைத்துவிட்டால், பத்து மணித்துளிகளுக்குள் அந்த அறையில் அது பத்து இலட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டிவிடும் என்று காட்டினார்.

இந்த 1,000 என்னும் எல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. செருமானிய நாட்டு மூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்னும் நலவாழ்வியல் அறிஞர், 1858ஆம் ஆண்டிலேயே, ஓர் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று வகுத்தார். அந்த அளவில் அவ்வாயு நஞ்சு என்பது அவர் கருத்தன்று. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு மீண்டும் இழுக்கிறார் என்பதை அது காட்டிக் கொடுக்கும். பால்மானி பாலில் கலந்த நீரைக் காட்டிக் கொடுப்பது போல. கரியமில வாயு தேங்கும் அறையில் அதனோடு வியர்வையின் வெப்பமும், சுண்ணக்கட்டித் தூசியும், வண்ணத்தின் ஆவியும், கொசுச்சுருளின் புகையும், நோயுற்ற ஒரு பிள்ளையின் இருமலில் வந்த கிருமிகளும் சேர்ந்தே தேங்குகின்றன.

இளைஞர் கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்து, வகுப்பு நடக்கும்போது மேசைமீது வைத்தார். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் வந்து அமர்ந்த ஒரு மணி நேரத்தில் எண் 2,800ஐத் தாண்டியது. கதவுக்கு அடியிலும் கண்ணாடி இடுக்குகளிலும் சிறிது காற்று வந்துகொண்டிருந்ததால்தான் அத்தோடு நின்றது என்றார். பின்வரிசையில் மூவர் தூங்கி விழுந்தனர். சோற்று மயக்கம் என்றும் சோம்பல் என்றும் எத்தனை முறை அவர்களைக் கடிந்திருக்கிறோம்! பின்னர் இருபுறத்துச் சாளரங்களையும் கதவையும் திறந்தோம். கால்மணி நேரத்தில் எண் 700க்குக் கீழே இறங்கியது. செலவு ஒரு காசும் இல்லை. அந்தக் கால்மணி நேரம் நாம் அங்கே நின்றுகொண்டு எண்ணையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தோம். இயேசுவின் பெயரால் நடத்தும் பள்ளியில், சிறியோருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிப் போதித்துக்கொண்டு, அவர்களுக்குக் காற்றைக் கொடுக்க மறந்தோமே என்னும் எண்ணம் நெஞ்சைச் சுட்டது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், அனைவர் முன்னிலையிலும் அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டோம். பலர் முன் பேசிய சொல்லைத் தனியே அழைத்துத் திரும்பப் பெறுவது ஒப்புரவு ஆகாது என்று தோன்றியது. அவர் எழுந்து, "பரவாயில்லை ஃபாதர். பலகைகளை எப்போது எடுக்கிறீர்கள்?" என்றார். அன்று மாலையே எடுத்தோம்.

பலகை இருந்த இடத்தில் புறா நுழையாதபடி கம்பிவலை வந்தது. சூடான காற்று மேலே எழும். மேலே வழி இருந்தால் அது வெளியேற, கீழே சாளரத்தின் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். பழைய கட்டடத்தைக் கட்டியவர்கள் இதை அறிந்தே கூரையை உயர்த்தினார்கள். பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதையே உறுதி செய்கின்றது. 1950க்கு முன் எழுந்த, உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் உள்ள பழைய கட்டடங்களில் காற்றோட்டம் புதியவற்றைவிட மிகுதியாகவும், காற்று வழியே காசநோய் தொற்றும் வாய்ப்பு குறைவாகவும் இருந்ததாம். இதைப் படித்த பின், பழைய கட்டடத்தில் உடைந்த விசுப்பலகைகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, மூன்றாம் வகுப்பில் ஒரு பிரிவை அங்கே மாற்றினோம். இப்போது அறைக்கு 24 பேர்.

மற்றவை சின்னஞ்சிறு மாற்றங்களே. வகுப்பைப் பெருக்குவது காலையில் பிள்ளைகள் கையால் நடந்து வந்தது; இப்போது மாலையில், அவர்கள் சென்றபின், ஈரத் துணியால் துடைக்கிறார்கள். கரும்பலகையையும் ஈரத்துணியால் துடைக்கிறோம். வண்ணமும் வார்னிஷும் இனி ஏப்ரல் விடுமுறையின் தொடக்கத்தில். சூன் வருமுன் மணம் போய்விடும். கொசுச்சுருளை நிறுத்திச் சாக்கடையைச் சரி செய்தோம். பள்ளி வளாகத்தில் காலை ஒன்பது மணிக்குச் சருகையும் நெகிழித் தாளையும் கொளுத்தும் வழக்கம் நின்றது. சருகு உரக்குழிக்குப் போகின்றது. மிதிவண்டிக் கொட்டகையின் மேல் உடைந்து கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புற்றுநோயை விளைவிப்பவை. அறுக்காமலும் துளையிடாமலும், விடுமுறை நாளில் நீர் தெளித்து நனைத்து, அறிந்தவரைக் கொண்டு இறக்கினோம்.

சமையற்கூடம் தனிக் கதை. 2024 சூலை 15 முதல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவடைந்தமையால், நம் பள்ளி அடுப்பு நாளுக்கு இருமுறை எரிகின்றது. எரிவாயு உருளை வரத் தாமதமானால் விறகு. அந்தப் புகை காற்றடிக்கும் பக்கமாக நேரே வகுப்பறைக்குள் வரும். உருளை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தோம். இதில் பிள்ளைகளைவிட மிகுந்த பயன் அடைந்தவர் சமைக்கும் அம்மா. "கண்ணெரிச்சல் இல்லாம சாம்பாரு கிண்டி எத்தனை வருசமாச்சு சாமி" என்றார். அவருடைய மூச்சை நாம் கணக்கில் சேர்த்ததே இல்லை. 2015இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், சமையலுக்கு எரிக்கும் பொருள்களின் புகையால் மக்கள் நோயுறுவதை மறைந்த திருத்தந்தை பிரான்சிசு சுட்டிக் காட்டியிருக்கிறார் (எண் 20). அதைக் கருத்தரங்குகளில் விளக்கியவர்கள் நாம். நம் சமையற்கூடத்துக்குள் போய்ப் படித்ததில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கூறினால் அது பொய். சாலைப்புறச் சாளரத்தைத் திறந்தால் லாரியின் தூசி வருகின்றது. மூடினால் மூச்சுத் தேங்குகின்றது. லாரிகள் மிகுதியாக ஓடும் நேரத்தில் வராந்தாப் பக்கத்தையும் மேல்வழியையும் மட்டும் திறந்து வைக்கிறோம். சாலையோரம் புங்கமும் வேம்பும் நட்டுள்ளோம். அவை தூசியைத் தடுக்கும் அளவுக்கு வளர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இரைச்சலில் ஆசிரியைகளின் தொண்டை வருந்துகின்றது. அந்தச் சிறுமியின் பையில் இன்ஹேலர் இன்னும் இருக்கின்றது. அது மருத்துவர் சொன்னபடி இருக்கவும் வேண்டும். ஆயினும், பள்ளி விட்டுவரும் மாலைகளில் இழுப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று பாட்டி கூறுகின்றார். நற்கருணை ஆசீரை இப்போது ஆலமரத்தடியில் வைக்கிறோம். தூபம் வானத்துக்கே போகின்றது. அது போகவேண்டிய இடமும் அதுதானே.

குருமடத்தில் மறைநூல் பாடம் கேட்டபோது, எபிரேய மொழியில் 'ரூவா' என்ற ஒரே சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் குறிக்கும் என்று படித்தோம். அதை வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். நம் தாய்மொழி அதற்கு இளைத்ததன்று. ஆவி என்பது நமக்கும் மூச்சுதான்; உயிரும்தான். உயிர்ப்பு என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்பது பழம்பொருள். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் சொல்லுக்குள்ளேயே மூச்சு இருக்கின்றது. சாளரத்துக்குச் சிலப்பதிகாரம் வழங்கும் பெயர் காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சாளரம் எதற்காக என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்தனர். நாமோ அதில் கண்ணாடியை மாட்டி, மூடி, அழகு பார்த்தோம்.

தொடக்கநூலில் இறைவன் மண்ணால் மனிதனை உருவாக்கியபின், அவன் மூக்கினுள் உயிர்மூச்சை ஊதுகின்றார் (தொநூ 2:7). புனித வாரத்தில் கிறிஸ்மா எண்ணெயை அர்ச்சிக்கும்போது, ஆயர் அப்பாத்திரத்தின்மேல் ஊதுவதைப் பேராலயத்தில் பலரும் கண்டிருப்பீர்கள். அந்த எண்ணெயால்தான் நம் குழந்தைகள் திருமுழுக்கில் பூசப்படுகின்றனர். அவ்வாறு பூசப்பட்ட குழந்தையை ஆறு வயதில் பள்ளிக்கு அழைத்து, ஒரு நாளில் ஆறு மணி நேரம், ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல், நாம் அடைத்த அறையில் உட்கார வைக்கிறோம். இறைவன் ஊதிய மூச்சு அங்கே தடையின்றிச் செல்கின்றதா என்று கேட்பது பொறியாளரின் வேலை மட்டுமன்று. அது நம் விசுவாசத்தின் வேலையும் ஆகும்.

இதை வாசிக்கும் பொதுநிலையினரிடம் ஒன்று கேட்கிறோம். உங்களில் பெற்றோர் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கும் நல்மனத்தோரும் இருக்கிறீர்கள். அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, பளிங்குக் கல்லில் உள்ள பெயர்களைப் படிக்குமுன், பிற்பகல் வேளையில் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் உங்களுக்கு உடனே தெரியும். உள்ளேயே இருப்பவர்களுக்கு மூக்குப் பழகிப் போயிருக்கும். தெரிந்ததைத் தாளாளரிடம் சொல்லுங்கள். அவர் கடிந்துகொண்டால், மீண்டும் சொல்லுங்கள். நம்மிடம் ஓர் ஆசிரியை இருமுறை சொன்னார். ஒரு பாட்டி மூன்றாம் முறை சொன்னார். மூன்றாவது முறைதான் நம் கதவு திறந்தது.

இப்போது நம் பள்ளியில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டுள்ளது. காலை மணி அடித்ததும், அன்றைய முறைக்குரிய மாணவர் எழுந்து சாளரங்களை எல்லாம் திறக்கவேண்டும், அதன்பின்பே செபம். சென்ற தூய ஆவியார் பெருவிழாவை அடுத்துப் பள்ளி திறந்த வாரத்தில் அந்த முறை அச்சிறுமிக்கு வந்தது. கைக்கு எட்டாத கொக்கியைக் குதிகாலை உயர்த்தி எட்டித் தள்ளினாள். காற்று உள்ளே வந்தது. பிறகு அவள் கைகூப்பி, தந்தை மகன் தூய ஆவியாரின் பெயரால் என்று தொடங்கினாள். நாமும் வராந்தாவில் நின்றபடி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டோம்.